எடைமேடைக்காரரும் பேட்டரி ஷெட்டும்

முப்பத்தோரு வருஷம் லாரிகளைச் சந்தேகப்பட்டே பிழைப்பு நடத்தியவர் அவர். நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஏறி நிற்கும் ஒவ்வொரு வண்டியையும் 'இவன் எங்கே எதை ஒளித்து வைத்திருக்கிறான்' என்ற கண்ணோடுதான் பார்ப்பார். சரக்கோடு எடை போடும்போது சீட்டுக்குப் பின்னால் ஆளைப் படுக்கவைப்பவன், ஒரு சக்கரத்தை மட்டும் மேடைக்கு வெளியே விட்டு நிறுத்துபவன், எல்லாருடைய தில்லுமுல்லும் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. லாரிகள் போய்விட்டன, சந்தேகம் மட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. தெருவில் இன்னும் அவருக்கு எடைமேடைக்காரர் என்றுதான் பெயர். தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறவள் அவர் தலையைக் கண்டாலே தராசுத் தட்டை ஒருமுறை துடைத்துக் காட்டிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள்.

இப்போது அந்தச் சந்தேகம் முழுக்க வீட்டுக்குப் பின்னால் இருந்த பேட்டரி ஷெட்டின் மேல் விழுந்திருந்தது.

அவர் மனைவியின் நுரையீரல் பாதிக்கு மேல் கைவிட்டுவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி உயரத்துக்கு ஓர் ஆக்ஸிஜன் மெஷின் ராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் நீளமான குழாய் அவள் மூக்கில். ஒரு மூச்சுக்கு மூன்று வார்த்தைதான் அவளால் பேச முடியும். ஒரு காலத்தில் வாய் ஓயாமல் பேசியவள், இப்போது மூன்று மூன்றாகப் பொறுக்கி எடுத்துப் பேசுவதால் ஒவ்வொன்றும் ஊசி மாதிரி இறங்கும். மெஷின் கரண்டில் ஓடுவது. கோடை வந்தால் அந்தப் பகுதியில் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். போனால் பேட்டரி. பேட்டரியும் தீர்ந்தால் கட்டில் காலடியில் இரண்டு சிலிண்டர். நிரம்பிய சிலிண்டர் ஒன்று இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு என்ன என்ற கேள்வியை அவர் மனசுக்குள்கூட முழுசாகக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்கப் பயம்.

பேட்டரி வாங்கிக் கொடுத்து மாட்டியவர் மாப்பிள்ளை. எலக்ட்ரீஷியன். மகளும் மாப்பிள்ளையும் பின்தெருவில், மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தார்கள். அப்படியும் மாமனாரும் மாப்பிள்ளையும் ஒன்பது வருஷமாக ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. அதைச் சண்டை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மரியாதை என்று சொல்லிக்கொண்டார்கள். இவர் வந்தால் அவர் எழுந்து நிற்பார், அவர் வந்தால் இவர் பேப்பரை விரித்துக்கொள்வார்.

உண்மையான காரணம் ஒரு தண்ணீர் கேன். மாப்பிள்ளை யாரென்றே தெரியாத காலத்தில், பழைய கேபிள் ஏற்றிய வண்டியோடு ஓர் இளைஞன் எடைமேடைக்கு வந்தான். சீட்டுக்குப் பின்னால் இருபது லிட்டர் கேன் ஒன்று தளும்பத் தளும்ப இருந்ததை இவர் கண்டுபிடித்துவிட்டார். "எடைக்குத் தூக்கிட்டு வந்தியா?" என்று கேட்டு, பத்து டிரைவர்கள் பார்க்க அதைத் தரையில் கவிழ்த்தார். இளைஞன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. காலிக் கேனைத் தூக்கி வண்டிக்குள் போட்டுக்கொண்டு போனான். இரண்டு வருஷம் கழித்து மகள், "நான் கட்டிக்கப் போறவர் இவர்தான்" என்று கூட்டிவந்து நிறுத்தியபோது, வாசலில் நின்ற முகம் இவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. அந்த முகத்துக்கும் இவரைத் தெரிந்தது. இரண்டு பேரும் அன்றுதான் முதலில் பார்ப்பதுபோல நடந்துகொண்டார்கள். அன்று பேசாமல் விட்டது அப்படியே இறுகிப்போயிற்று.

ஆகவே இரண்டு பேருக்கும் நடுவில் மகள்தான் தபால்காரி. பள்ளிக்கூட டீச்சர் அவள். விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி சேதிகளையும் திருத்திவிடுவாள். இந்தப் பக்கத்து முள்ளையும் அந்தப் பக்கத்து முள்ளையும் கிள்ளி எறிந்துவிட்டு, வழவழவென்று ஆக்கித்தான் கொண்டுவந்து கொடுப்பாள். குடும்பம் நிம்மதியாக இருப்பது தன்னால்தான் என்று அவளுக்கு ஓர் எண்ணம். அது பொய்யும் இல்லை.

பேட்டரி முதலில் ஹாலில், வாசல் கதவுக்கும் படுக்கை அறைக்கும் நடுவே இருந்தது. நாலு பெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக. இரண்டு மாதத்துக்கு முன்பு மகள் வந்தாள்.

"அப்பா, பேட்டரி ஹால்ல இடத்தை அடைக்குதுன்னு அவர் நினைக்கிறார். வெளியில ஷெட் போட்டு வச்சிடலாமாம்."

"என் ஹால்ல இடம் அடைச்சா அவருக்கு என்னவாம்?"

"அம்மா நடக்க வசதியா இருக்குமேப்பா."

"உங்கம்மா நடக்கிறது கட்டில்ல இருந்து பாத்ரூமுக்கு. அதுக்கு ஹால் எதுக்கு?"

மகள் சிரித்து மழுப்பினாள். மழுப்பலை எடைமேடைக்காரரிடமா விற்பது? அவர் அன்றே காதைத் தீட்டிக்கொண்டார்.

மூன்று நாளில் ஷெட் எழும்பியது. வீட்டுச் சுவரிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்குத் தள்ளி, நிழல் விழும் மூலையில், தரைக்கு ஒரு சாண் மேலே சிமென்ட் மேடை. சுவரெல்லாம் சிமென்ட் பலகை, மரம் ஒரு துண்டு கிடையாது. தகரக் கூரை. இடது சுவரில் தரையை ஒட்டி ஒரு துளை, வலது சுவரில் கூரையை ஒட்டி இன்னொரு துளை, இரண்டுக்கும் எலி புகாத வலை. வெளியே திறக்கும் கதவு. கதவுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பெரிய சுவிட்ச், அதற்குக் கீழே மாப்பிள்ளையின் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் அச்சடித்த ஸ்டிக்கர். என் வீட்டுப் பின்பக்கத்தில் இவருக்கு விளம்பரமா என்று நினைத்துக்கொண்டார். உள்ளே இரும்புச் சட்டத்தில் நாலு பெட்டியும் சுவரில் இன்வெர்ட்டரும். மீதி இடம் சும்மா கிடந்தது. நாலு பெட்டிக்கு எதற்கு இவ்வளவு பெரிய அறை? திருடன் வராமல் பூட்டுப் போட்ட அறைக்கு எதற்கு இரண்டு ஓட்டை? சாவி எதற்கு இரண்டு, அதில் ஒன்று எதற்கு மாப்பிள்ளையிடம்?

சும்மா கிடந்த இடத்தை வீணாக்குவானேன் என்று, பாதி மிச்சமிருந்த பெயிண்ட் டின்னையும் அதில் கலக்கும் தின்னர் பாட்டிலையும் கொண்டுபோய்ச் சட்டத்துக்குப் பின்னால் வைத்தார்.

பிறகுதான் அந்த அடி விழுந்தது. ஷெட்டுக்குப் போன பிறகு முதல் தடவை கரண்ட் நீளமாகப் போனபோது, ஹாலில் இருந்தவரை ஏழு மணி நேரம் இழுத்த பேட்டரி, ஐந்தே மணி நேரத்தில் கையை விரித்துவிட்டது. ஃபேன் நின்றது, டிவி அணைந்தது, ஃப்ரிட்ஜ் அடங்கியது. ஃபேன் இறக்கை சுற்றி ஓய்வதற்குள் அவர் ஓடிப்போய், வோல்டேஜ் எகிறி மெஷின் கெட்டுவிடக் கூடாதென்று அதை அணைத்து, மனைவிக்குச் சிலிண்டரை மாட்டினார். அடுத்த தடவையும் அதே ஐந்து மணி நேரம். அதே ஓட்டம், அதே சிலிண்டர்.

இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று? எடைமேடையில் இப்படி எடை குறைந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வழியில் யாரோ இறக்கியிருக்கிறான்.

"ஏழு மணி நேரம் ஓடினது அஞ்சுல நிக்குது. என்னன்னு கேளு" என்று மகளிடம் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் பதில் வந்தது. "பேட்டரி நல்லா இருக்காம்ப்பா. கவலையே படாதீங்கன்னார். அப்புறம், வெயில் காலம், நீங்க ஷெட்டுப் பக்கம் அதிகம் போக வேண்டாமாம்."

"ஷெட்டுப் பக்கம் போக வேண்டாமா?"

"உங்க உடம்புக்காகத்தான்ப்பா."

முப்பத்தோரு வருஷத்தில் 'அந்தப் பக்கம் போகாதீங்க' என்று சொன்ன எந்த டிரைவரும் யோக்கியனாக இருந்து அவர் பார்த்ததில்லை.

மகள் மேஜையில் விட்டுப்போன சாக்பீஸைப் பொடித்து ஷெட்டு வாசற்படியில் மெல்லிசாகத் தூவிவைத்தார். தினமும் காலையும் மாலையும் குனிந்து பார்ப்பார். புதன், வியாழன், வெள்ளி எல்லாம் தூவினது தூவினபடி இருக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் கலைந்திருக்கும். அதுவும் அவர் காலிச் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நிரப்பிவரப் போய்த் திரும்புவதற்குள். ஒரு தடவை என்றால் பூனை என்று விடலாம். மூன்று செவ்வாய் தொடர்ந்து கலைந்தது.

"நான் இல்லாதப்போ யாராவது வந்தாங்களா?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் கட்டிலை ஒட்டிய ஜன்னல் ஷெட்டைப் பார்த்துத்தான் இருந்தது.

"காக்கா ஒண்ணு வந்துச்சு." மூச்சு வாங்கினாள். "ரெண்டாவதும் கூட வந்துச்சு."

"விளையாடாதே."

"சாக்பீஸ் தூவறது யாரு?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். போன மாதம் மாப்பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லப்போய், அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வார்த்தையை வீணாக்க அவளுக்கு மூச்சு இல்லை.

நாலாவது செவ்வாய்க்கிழமை அவர் நாடகம் போட்டார். வழக்கம்போலச் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டினார், மணி அடித்துக்கொண்டு தெருமுனை வரை போனார், அங்கே திரும்பிப் பக்கத்துத் தையல்கடை மாடியில் ஏறி நின்றுகொண்டார். அங்கிருந்து அவர் வீட்டுப் பின்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்.

"யாரைப் பிடிக்கப் போறீங்க?" என்று தையல்காரர் நூலைப் பல்லால் கடித்தபடி கேட்டார்.

"உஸ்" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பின்வாசல் திறந்தது. மாப்பிள்ளை. கையில் காலித் துணிப்பை. ஜன்னலைப் பார்த்து என்னவோ சொன்னார். ஷெட்டைத் திறந்து உள்ளே போனார். பத்து நிமிஷம். வெளியே வந்தபோது பை காலியாக இல்லை. எடைமேடைக்காரர் அந்த நடையைப் பார்த்தார். வலது தோள் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. மூன்றரைக் கிலோ, கூடப்போனால் நாலு. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

மாப்பிள்ளையின் தலை மறைந்ததும் ஓடிவந்து ஷெட்டைத் திறந்தார். பெட்டிகள் நாலும் இருந்தன. ஆனால் சட்டத்துக்குப் பின்னால் பெயிண்ட் டின்னும் இல்லை, தின்னர் பாட்டிலும் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். கூரையை ஒட்டிய துளையின் வலை வழியாக, இதுவரை அவர் கவனிக்காத மெல்லிசான கறுப்பு ஒயர் ஒன்று வெளியே போய், மதில் மேல் ஊர்ந்து, நேராகப் பின்தெரு வீட்டுக்குள் இறங்கியது.

இரண்டு மணி நேரம் போன வழி கண்ணெதிரே கறுப்பாக நீண்டு கிடந்தது. என் பெண்டாட்டியின் மூச்சைச் சுவர் ஏறித் திருடுகிறானே, பாவி. சொந்த மாப்பிள்ளை! கோபத்தை விட அவருக்கு வலிதான் அதிகமாக இருந்தது. மகளிடம் சொன்னால் நம்பமாட்டாள். மனைவியிடம் சொன்னால் தாங்கமாட்டாள். யாரிடமும் சொல்லாமல் தானே இதை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரை நறுக்கினார். உடைந்த பீரோவின் பலகையை அறுத்து, இரண்டு துளையையும் மறைத்து ஆணி அடித்தார். சந்துக்குச் சாக்குத் துணியை மடித்துத் திணித்தார். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கையும் விடவில்லை. பழைய பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, எடைமேடைக் கூண்டில் முப்பது வருஷம் தொங்கிய தன் சொந்தப் பூட்டைப் போட்டார். வேலை முடிந்து முகம் கழுவும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. சிலிண்டர் நிரப்பும் கடை செவ்வாய்க்கிழமை மதியத்தோடு மூடிவிடும். காலிச் சிலிண்டர் சைக்கிளிலேயே நின்றது. வீட்டில் இருக்கும் இன்னொன்றில் பாதி மிச்சம். நாளைக் காலை போகலாம், ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும் என்று விட்டார். மறுநாள் காலையோ, பூட்டைப் பார்த்து மாப்பிள்ளை முகம் எப்படிப் போகிறது என்று காணும் ஆசையில் வீட்டை விட்டு நகரவே இல்லை. மாப்பிள்ளை வரவும் இல்லை.

மதியம் ஒன்றரைக்குக் கரண்ட் போயிற்று.

பேட்டரி எடுத்துக்கொண்டது. ஃபேன் சுற்றியது, மெஷின் உறுமியது. வெயில் முற்றத்தில் நிற்கவே முடியாதபடி காய்ந்தது. இனிமேல் பார், ஏழு மணி நேரம் ஓடும் என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை, எல்லாம் ஒரே நொடியில் நின்றது. ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் நின்றது. இந்தத் தடவை அவர் கை படுவதற்கு முன்னாலேயே மெஷினும் நின்று, வீலென்று கத்தத் தொடங்கியது.

ஓடிப்போய்ச் சிலிண்டரை மாட்டினார். முள் பாதியில் நின்றது. ஒரு மணி நேரம். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன செஞ்சீங்க நீங்க?" என்றாள்.

அவர் பின்பக்கம் ஓடினார். பூட்டு கையைச் சுட்டது. கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த சூடு அடுப்புக் கதவைத் திறந்த மாதிரி முகத்தில் அறைந்தது. பிளாஸ்டிக் காய்ந்த வாடை. இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது, எங்கோ ஒன்று கீச்கீச்சென்று கத்தியது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சூட்டுக்குத் தண்ணீர். குழாயடிக்கு ஓடி ஒரு பக்கெட் நிறையப் பிடித்துக்கொண்டு வந்தார். ஊற்றுமுன் பயம் வந்தது. ஒரு கையால் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். பரீட்சை அறையில் மேற்பார்வை, போன் அணைந்து கிடந்தது. மறுபடி அடித்தார். மறுபடியும் அதே.

கதவுக்குப் பக்கத்தில் அந்த ஸ்டிக்கர் இருந்தது. விளம்பரம் என்று நினைத்ததை இப்போதுதான் முழுசாகப் படித்தார். 'அவசரம் என்றால் எந்த நேரமும் கூப்பிடவும்' என்று மேலே எழுதியிருந்தது. நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"யாருங்க?"

ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் பேச்சு. "நான்தான். மாமா பேசறேன்."

"அத்தைக்கு என்ன?"

"மெஷின் நின்னுடுச்சு. சிலிண்டர் ஒரு மணி நேரம்தான் வரும். ஷெட்டு உள்ளே கொதிக்குது. பக்கெட்ல தண்ணி எடுத்துட்டேன்..."

"தண்ணி ஊத்தாதீங்க மாமா! ஒரு சொட்டுகூட வேண்டாம். கீழே வைங்க. வச்சிட்டீங்களா?"

"வச்சிட்டேன்."

"புகை வருதா? பெட்டி எதுவும் உப்பியிருக்கா?"

"இல்ல. ரெண்டும் இல்ல."

"அப்ப பயப்படாதீங்க. சூடு தாங்காம அதுவே நின்னிருக்கும். சிவப்பு சுவிட்சைக் கீழே இழுங்க. கதவை விரியத் திறந்து விடுங்க. காத்துத் துளை ரெண்டும் திறந்துதானே இருக்கு?"

எடைமேடைக்காரர் பலகைகளைப் பார்த்தார். இந்த இடத்தில்தான் எல்லாரும் பொய் சொல்வார்கள். ஆயிரம் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறார். எலி அடைத்திருக்கும், காற்றில் சாத்தியிருக்கும், எனக்குத் தெரியாது சார். அவருக்கும் ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது. உள்ளே சிலிண்டர் உஸ்ஸென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"மூடியிருக்கு" என்றார். "நான்தான் பலகை வச்சு ஆணி அடிச்சேன்."

"சரி" என்றார் மாப்பிள்ளை. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிடுங்க முடியுமா?"

"முடியும்."

"பிடுங்குங்க. வெளிப்பக்கமா நின்னே செய்ங்க, உள்ள போகாதீங்க. புகை வந்தா விட்டுட்டுத் தள்ளிப் போயிடுங்க. நான் கிளம்பிட்டேன்."

அடிக்கும்போது அவர் நன்றாகவே அடித்திருந்தார். ஒவ்வொரு ஆணியும் வர மறுத்தது. சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பி, விரலால் இழுத்து, கையெல்லாம் கீறல். மேல் பலகை விழுந்ததும் உள்ளே அடைந்து கிடந்த சூடு பெருமூச்சு விட்ட மாதிரி வெளியே வந்தது. நடுநடுவே உள்ளே ஓடிச் சிலிண்டர் முள்ளைப் பார்த்துவிட்டு வந்தார். அது இறங்கிக்கொண்டே இருந்தது. மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. மூச்சைச் சேமித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு நிமிஷத்தில் மாப்பிள்ளை வந்தார். வாசல் வழியாக வரவில்லை. முதலில் தன் வீட்டுக்குள் போய், அங்கிருந்து மதில் மேல் ஏறினார். தோளில் நீள ஒயர்ச் சுருள். "எங்க வீட்ல சின்னதா ஒரு பேட்டரி இருக்கு. மெஷினுக்குத் தாங்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒயரை இந்தப் பக்கம் இறக்கினார். அறுபட்ட கறுப்பு ஒயரின் நுனி அங்கே மதிலில் தொங்கியது. அதைக் கையில் எடுத்து ஒரு கணம் பார்த்தார். கீழே விட்டுவிட்டுக் குதித்தார்.

ஜன்னல் வழியாக ஒயர் உள்ளே போனது. மெஷின் ஒரு தடவை விக்கி, உறுமத் தொடங்கியது. எடைமேடைக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்குக் கரண்ட் போகிறது என்று அவர் நினைத்த அதே மதில், அதே இடம். அதன் வழியாகத்தான் கரண்ட் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. வெட்கத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கம் வந்தார். மாப்பிள்ளை அந்தப் பக்கெட் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு நின்றார். ஷெட்டு வாய் திறந்து ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தக் கறுப்பு ஒயர்..." என்று எடைமேடைக்காரர் ஆரம்பித்தார்.

"அது மணிக்கு மாமா. உள்ளே சூடு ஏறினா எங்க வீட்ல மணி அடிக்கும். நேத்து சாயங்காலமே அந்த மணிப் பெட்டியில விளக்கு அணைஞ்சிருந்தது. எலி கடிச்சிருக்கும், இன்னிக்கு வேலை முடிஞ்சு வந்து பாக்கலாம்னு இருந்தேன்."

"எலிதான்" என்றார் எடைமேடைக்காரர். "அறுபத்திரண்டு வயசு எலி."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "பெயிண்ட்டும் தின்னரும் எங்க வீட்டு வராந்தாவுல பத்திரமா இருக்கு. பேட்டரி பக்கத்துல அது இருக்கவே கூடாது. துளையை மறைக்கக் கூடாது, உள்ளே எதையும் வைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினேனே?"

"ஷெட்டுப் பக்கம் போகாதீங்கன்னுதான் வந்துச்சு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தபால்காரி செய்த திருத்தம் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது.

"ஹால்ல இடம் அடைக்குதுன்னு சொன்னது?"

"இடமா? நான் எங்க இடத்தைப் பத்திப் பேசினேன்? வாசலுக்கும் அத்தை ரூமுக்கும் நடுவுல இருந்தது. நாளைக்கு ஒண்ணு பத்திக்கிச்சுன்னா ரெண்டு பேரும் வெளியில வர வழியே இல்ல. அதுவும் ஆக்ஸிஜன் இருக்கிற வீடு. எனக்கு ராத்திரி தூக்கமே வரல மாமா."

எடைமேடைக்காரர் கீழே பார்த்தார். கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் இருக்க அவரால் முடியாது, பிறவிக் குணம். "ஏழு மணி நேரம் அஞ்சு ஆனது?"

"முழுசா நிரப்பாம கொஞ்சம் குறைச்சு வச்சா பேட்டரி ரொம்ப நாள் வரும். அது கொஞ்சம். மத்தபடி, அடியில அஞ்சுல ஒரு பங்கை அத்தை மெஷினுக்குன்னே ஒதுக்கிட்டேன். அஞ்சு மணி நேரத்துல ஃபேன், டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் நின்னுடும். மெஷின் மட்டும் நிக்காது. அதுக்கப்புறமும் மூணு மணி நேரம் ஓடும். பாத்திருப்பீங்களே?"

அவர் பார்த்ததில்லை. ஃபேன் நின்ற நொடியிலேயே ஓடிப்போய், ஓடிக்கொண்டிருந்த மெஷினைத் தன் கையாலேயே அணைத்திருக்கிறார். இரண்டு தடவையும். திருடு போனதாக நினைத்த நேரம் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

"அன்னிக்கு அந்தக் கேன்ல..." என்றார்.

எந்தக் கேன் என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. "குடிக்கிற தண்ணி மாமா. வேலை செய்யற இடத்துல ஒன்பது பேர் இருந்தோம். அங்க குழாய் கிடையாது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

எடைமேடைக்காரர் யோசித்துப் பார்த்தார். யோசிக்க ஒன்றுமில்லை. "மாட்டேன்" என்றார். "தப்பு என்மேலதான் மாப்பிள்ளை."

ஜன்னலில் இருந்து மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"மாப்பிள்ளைக்குத் தண்ணி குடுங்க" என்றாள்.

அவர் உள்ளே போய், பானையிலிருந்து பெரிய சொம்பு நிறைய மொண்டு எடுத்துக்கொண்டு வந்தார். வெயிலில் நின்ற மனிதர் அதை அண்ணாந்து குடித்தார். சொம்பு காலியாகும் வரை எடைமேடைக்காரர் அங்கேயே நின்றார். பிறகு அதைக் கையில் வாங்கிக்கொண்டு, இன்னொரு சொம்பு கொண்டுவர உள்ளே போனார்.